எஞ்சினியர் மண்டியிட்ட வாசல்

அக்கா இறந்த வாரம் பெனின் நகரத்துப் பத்திரிகை ஒன்று கால் பக்கத்துக்கு அவள் படத்தைப் போட்டது. நாட்டின் முதல் பெண் ரசாயன எஞ்சினியர்களில் ஒருவர், முன்னோடி, பெண்குலத்தின் பெருமை என்று நாலு பத்தி. படித்துக் காட்டிய என் மூத்த மகன், நன்றாக எழுதியிருக்கிறான் இல்லையா என்று கேட்டான். அந்த நாலு பத்தியில் ஒச்சுகோ என்ற ஆறு வயதுப் பையனைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. அவன் அம்மா ஒனஜிட்டேயின் வாசலில் என் அக்கா ஒரே ஒரு சொல்லுக்காக இருபத்துமூன்று வருஷம் முழங்காலிட்டதும் இல்லை. அது ஏன் என்பது எனக்குத் தெரியும். பத்திரிகைக்காரனுக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் அப்பா உமுகோரோவுக்கு மூன்று மனைவிகள். அக்கா எமெசிரி முதல் தாரத்தின் தலைமகள். எடிரின் என்கிற நான் இரண்டாம் தாரத்தின் மகள், அவளுக்கு இரண்டு வயது இளையவள். உகெல்லி போகும் சாலையில் எங்கள் வீடு. பின்னால் மரவள்ளித் தோட்டம், அதற்குப் பின்னால் அப்பாவின் ரப்பர் மரங்கள். வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே வேலைதான். கிழங்கைத் தோலுரித்துத் துருவி, மூட்டையில் கட்டி மூன்று நாள் புளிக்கவிட்டு, பிழிந்து, அகன்ற இரும்புச் சட்டியில் சிவப்புப் பனையெண்ணெய் விட்டுக் குருணையாக வறுப்பது. அந்தக் குருணைக்குத்தான் காரி என்று பெயர். அது இல்லாமல் எங்கள் பக்கம் ஒருவருக்கும் பொழுது விடியாது.

அக்காவுக்குப் பத்து வயது இருக்கும்போது, மூட்டையிலிருந்து வடிந்த கிழங்குப் பாலைக் குடித்து ஓர் ஆடு செத்தது. ஆட்டைக் கட்டிவைக்காததற்காக என் அம்மா என்னைச் சாத்தினாள். எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மட்டும் செத்த ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரையாகக் கேட்டாள். கசப்பு இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றார்கள். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவள் மிஷன் பள்ளிக்குப் போனாள், அப்புறம் உதவித்தொகையில் இங்கிலாந்து போனாள். நான் வறுசட்டிக்குப் போனேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஏழு வருஷம் கழித்து வந்தாள். ஊரே கூடி மேளம் அடித்தது. எஞ்சினியர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சித்தப்பா ஓடாமல் கிடந்த தன் பழைய காரை நாலு பேரை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

"நான் வண்டி எஞ்சினியர் இல்ல சித்தப்பா, ரசாயன எஞ்சினியர்" என்றாள் அக்கா.

"அப்போ பெட்ரோலயாவது சரிபண்ணு. ஏழு வருஷம் சும்மாவா இருந்த?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஊரில் அவளுக்குப் பெயரே எஞ்சினியர் என்று ஆகிவிட்டது. பெற்ற தாய்கூட அப்படித்தான் கூப்பிட்டாள்.

கடலோரம் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தாள். நடுவில் உள்நாட்டுப் போர் வந்து போனது. ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. வாயில் காவலாளியின் மனைவி வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் வெயிலில் நடந்துபோவாள். அவளுக்கு வரும் கடிதங்களில் எல்லாம் ‘அன்புள்ள ஐயா’ என்றுதான் இருக்கும். அவள் போட்டுக்கொடுத்த கணக்கில் எண்ணெய் பிரிக்கும் கோபுரமே ஓடியது என்று பின்னாளில் சொன்னார்கள். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, காரி செய்ய ஆலை கட்டப்போகிறேன் என்றாள். வாரி நகரத்தில் வக்கீலாக இருந்த அவள் கணவனுக்கு அது தலைகுனிவு. குழந்தை இல்லை என்று போனானா, காரி வாசனை பிடிக்காமல் போனானா தெரியாது, போய்விட்டான். அவன் அனுப்பிய இரண்டாம் கல்யாண அழைப்பை அக்கா என்னிடம் நீட்டி, அடுப்புப் பற்றவைக்க ஆகுமா பார் என்றாள். நன்றாகவே பற்றியது.

ஆலையில் துருவ இயந்திரம், பிழியத் திருகுக் கட்டை, வறுக்கப் பன்னிரண்டு சட்டி, அதற்குப் பன்னிரண்டு பெண்கள். எங்களுக்கெல்லாம் தலைவியாக என்னைப் போட்டாள். ஆனால் அவளுடைய படிப்பு முழுவதும் இருந்தது ஒரு பீப்பாயில். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, முந்தின முறை புளித்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் புதுத் துருவலில் கலந்தால் கிழங்கு புளித்து அதிலுள்ள விஷம் இறங்குகிற மூன்று நாள் வேலை ஒரே இரவில் முடிந்துவிடும் என்று கண்டுபிடித்திருந்தாள். அந்தத் தண்ணீரைத்தான் பீப்பாயில் வைத்திருந்தாள். விஷம் இறங்கிவிட்டதா என்று பார்க்க அவளே ஏதோ மருந்தில் தோய்த்துக் காயவைத்த மஞ்சள் காகிதத் துண்டுகள். மாலையில் ஒரு கைப்பிடி துருவலைப் புட்டியில் போட்டு, காகிதத்தை உள்ளே தொங்கவிட்டு மூடுவாள். எப்போதும் இரண்டு புட்டி. காலையில் காகிதம் மஞ்சளாகவே இருந்தால் வறுக்கலாம். சிவந்திருந்தால் விஷம் இன்னும் இருக்கிறது, மேலும் புளிக்க விடவேண்டும்.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. ஒரு காகிதம்கூட ஏமாற்றவில்லை. வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பீப்பாயை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

எண்பத்துமூன்று ஜனவரியில் அப்பாவை அடக்கம் செய்தோம். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது, வடக்கிலிருந்து வரும் தூசிக் காற்று வேறு. ஆலையை எட்டு நாள் மூடினோம். அப்பாவுக்கு மூன்று ஊரில் உறவு. எல்லாரும் வந்தார்கள், ஒருவரும் கிளம்புகிற வழியாக இல்லை. ஏழாம் நாள் காரி தீர்ந்துபோனது. அப்பா சாவுக்கு வந்தவர்களை வெறும் குழம்போடு அனுப்பினால் அந்தப் பேச்சு எங்கள் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும். தலைமகள் காரியம் முடியும்வரை வீட்டை விட்டு நகரக் கூடாது என்பது முறை. அதனால் அக்கா என்னை ஆலைக்கு அனுப்பினாள். நாலு மூட்டை போதும், காகிதத்தைப் பார்க்காமல் சட்டியை ஏற்றாதே என்று சொல்லி அனுப்பினாள்.

போய்ப் பார்த்தால் பீப்பாயில் ஆடை கட்டி, அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஆடை கட்டினால் வழித்து எறி, தண்ணீரைத் தொடாதே என்று அக்கா நூறு முறை சொன்னதுதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா காரியத்துக்கு வந்தவர்களுக்குப் புழுத் தண்ணீரா? எங்கள் வீட்டுப் பெண் யாராக இருந்தாலும் செய்திருப்பதைத்தான் நானும் செய்தேன். கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அன்று துருவிய கிழங்கில் பிழிந்த பாலையே பீப்பாயில் ஊற்றிவைத்தேன். இதுவும் கிழங்குத் தண்ணீர்தானே, எல்லாம் புளிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதையே துருவலில் கலந்தேன். புட்டிகளையும் மறக்காமல் வைத்தேன்.

மறுநாள் காலை முதல் புட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்தேன். ஓரம் சிவந்திருந்தது. என் கையைப் பார்த்தேன். வறுசட்டிகளுக்கு எண்ணெய் தடவிவிட்டு வந்த கை. எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்கள் பிறந்ததிலிருந்து சாகும்வரை அந்தச் சிவப்புத்தான். என் எண்ணெய்தான் காகிதத்தில் பட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். புளிக்கவில்லை என்று மூக்கு சொல்லியிருக்கும், ஆனால் எட்டு நாள் அழுத அழுகையிலும் தூசியிலும் மூக்கு அடைத்துக் கிடந்தது. வேறு காகிதம் வைக்கலாம், அதற்கு இன்னொரு இரவு ஆகும். வீட்டில் நூறு பேர் பசியோடு இருந்தார்கள். இரண்டாவது புட்டியை நான் திறக்கவே இல்லை. சட்டியை ஏற்றச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பெரியவர்கள் சிலர் வாந்தி எடுத்தார்கள். கள்ளின் மேல் பழி போட்டுவிட்டுப் படுத்தார்கள். எதிர்வரிசை வீட்டு மருமகள் ஒனஜிட்டே, தையல் வேலை செய்கிறவள், இருபத்துநாலு வயது, எங்கள் வீட்டில் எட்டு நாளும் பாத்திரம் கழுவ நின்றவள். அவளுக்கு நான்தான் ஒரு பாத்திரம் நிறையக் காரி கொடுத்து அனுப்பினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகன் ஒச்சுகோ, பிள்ளைகள் எல்லாரும் செய்கிற மாதிரி, காரியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டுச் சர்க்கரையும் வேர்க்கடலையும் போட்டு இரண்டு கிண்ணம் குடித்தான். தலை சுற்றுகிறது என்றான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை.

விஷயம் காதில் விழுந்ததும் அக்கா முறையைப் பார்க்கவில்லை, எழுந்து நேரே ஆலைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். இரண்டாவது புட்டியைத் திறந்து காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். செங்கல் நிறம், முழுக்க. அப்புறம் பீப்பாய்க்குள் குனிந்தாள்.

"பீப்பாயில சோப்பு வாசன வருது, எடிரின்."

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புழுவை, எண்ணெய்க் கையை, திறக்காத புட்டியை. அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எண்ணெய்க் கையோட வேல பாக்குற பொம்பளைங்ககிட்ட, செவக்கிற காகிதத்தக் குடுத்தது யாரு?" என்றாள் கடைசியில். "நான்தானே. வேற நெறம் மாறுறதா ஒண்ணத் தேடியிருக்கணும். ஒம்பது வருஷத்துல எனக்கு அது தோணவே இல்ல."

"தண்ணியக் கொட்டினது நான் அக்கா. நான் போய் சொல்றேன்."

"உனக்கு நாலு புள்ளைங்க. நீ சொன்னா அந்த நாலும் இந்த ஊருல தல நிமிந்து நடக்காது. எனக்கு யாரு இருக்கா? வாய மூடிக்கிட்டு இரு."

வாழ்நாளில் அவள் சொல்லை அவ்வளவு சீக்கிரம் நான் கேட்டதில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், ஆலைக்குத் தானே வந்ததாகவும், காகிதத்தைத் தானே பார்த்ததாகவும், மழையில்லாத வருஷத்துக் கிழங்கில் விஷம் கூடும் என்று தெரிந்தும் கவனக்குறைவாக இருந்ததாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாவு வீட்டை விட்டுத் தலைமகள் வெளியே போனாளா என்று சித்தப்பா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. வறுத்த பெண்களுக்கு உண்மை தெரியும். எனக்காகவோ எஞ்சினியருக்காகவோ தெரியாது, ஒருத்தியும் அதை வெளியே சொல்லவில்லை. ஆலைக்கு முத்திரை வைத்தார்கள். எஞ்சினியர்கள் சங்கம் அவள் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தது.

பையனைப் புதைத்த மறுநாள் அக்கா ஒனஜிட்டேயின் வாசலுக்குப் போனாள். எங்களிடம் இளையவர் முழங்காலிட்டு ‘மிக்வோ’ என்று வணங்குவார், மூத்தவர் ‘வ்ரெண்டோ’, எழுந்திரு என்பார். அதைக் கேட்காமல் எழக் கூடாது. காலையில் கண் விழித்ததிலிருந்து எத்தனையோ முறை வாயில் வந்துபோகிற சொல், யாரும் யோசித்துச் சொல்வதில்லை. நாற்பத்தைந்து வயது எஞ்சினியர் இருபத்துநாலு வயதுப் பெண்ணின் முன்னால் புழுதியில் முழங்காலிட்டு ‘மிக்வோ’ என்றாள். தெருவே வந்து பார்த்தது. ஒனஜிட்டே அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெயில் ஏறும்வரை அக்கா அப்படியே இருந்தாள். ஆண்கள் இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த ஜனவரியில் அதே நாளில் மறுபடி போனாள். அதற்கு அடுத்த ஜனவரியிலும். ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. அங்கே அவளிடம் படித்து எஞ்சினியரானவர்கள் பதினோரு பேர். இது பத்திரிகையில் வந்தது, உண்மைதான். அந்தப் பதினோரு பேருக்கும் அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் சோதனைக் காகிதத்தைத் தொடவேண்டும் என்பது. அது பத்திரிகையில் வரவில்லை.

அறுபதைத் தாண்டியதும் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. மண்டியிட்டால் எழ முடியாது. அதனால் ஜனவரி தோறும் நானும் போக ஆரம்பித்தேன். அவள் முழங்காலிடும்போது பின்னால் நிற்பேன். கதவு சாத்தியபிறகு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிடுவேன். நியாயமாக மண்ணில் இருக்கவேண்டியவள் நின்றேன், நிற்கவேண்டியவள் மண்ணில் இருந்தாள். ஒவ்வொரு முறையும் இந்த முறை சொல்லிவிடுவது என்றுதான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். என் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது, அவர்களுக்கும் பிள்ளைகள் வந்தார்கள். எப்போதும் யாராவது ஒரு பிள்ளை எனக்குச் சாக்காக இருந்தது.

ஒரு வருஷம் திரும்பி வரும்போது, போதும் அக்கா, அவள் சொல்லமாட்டாள் என்றேன்.

"போன வருஷம் கதவச் சாத்தினா" என்றாள் அக்கா, ஏதோ சோதனைக் குறிப்பைப் படிக்கிற மாதிரி. "இந்த வருஷம் சாத்தல, பாத்தியா? மிஷின்ல தச்சுக்கிட்டே இருந்தா."

இருபத்துமூன்றாவது முறை, தையல் மிஷின் கொஞ்ச நேரம் நின்றது. ஒனஜிட்டே தலையைத் தூக்கினாள். பிறகு மறுபடி தைக்க ஆரம்பித்தாள். வழியெல்லாம் அக்கா சின்னப் பெண் மாதிரி அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மிஷின் நின்னுச்சே, நின்னுச்சே என்று. அந்த டிசம்பரில் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் இறந்துபோனாள். கடைசி நாளில் என்னிடம் ஜனவரிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள்.

உடலைப் பிணவறையில் வைத்து, உறவெல்லாம் வந்து சேர ஜனவரி ஆகிவிட்டது. அடக்கத்துக்கு எஞ்சினியர்கள் சங்கத்திலிருந்து ஆறு கார்கள் வந்தன. பதிவிலிருந்து பெயரை எடுத்தவர்கள் அவள் பெயரை ஒலிபெருக்கியில் கூவினார்கள். சோற்றில் இறைச்சி போதவில்லை என்று அவர்களில் ஒருவர் முணுமுணுத்ததை நானே கேட்டேன். வெள்ளை லேஸ் விரித்த கட்டிலில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். அவளைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் தெருவைக் கடந்து ஒனஜிட்டேயின் வாசலுக்குப் போனேன். என்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவள். முழங்காலிட்டேன். "மிக்வோ" என்றேன். அப்புறம் சொன்னேன், பீப்பாயிலிருந்து புட்டி வரைக்கும், ஒன்று விடாமல்.

மிஷின் நின்றது.

"அப்போ அவங்க எதுக்கு வந்தாங்க?" என்றாள்.

"நான் சொல்லாததுக்கு."

"நீங்க பின்னாடியே நின்னீங்களே அம்மா. ஒவ்வொரு வருஷமும். தூக்கிவிடுறதுக்கு."

நான் எழாமல் முழங்காலிலேயே இருந்தேன்.

"இந்த ஜனவரி அவங்க வந்தா அந்த வார்த்தையச் சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றாள். "மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேகூட இருந்தேன்."

தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, என்னைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள். நான் தட்டுத்தடுமாறி எழுந்து பின்னால் போனேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த பெரிய மனிதரைத் தாண்டி, கட்டில் அருகே போய் நின்றாள். யார் இந்தப் பெண் என்று சங்கத்துக்காரர் ஒருவர் கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒனஜிட்டே குனிந்து அக்காவின் முழங்காலின்மேல் கையை வைத்தாள்.

"வ்ரெண்டோ, எஞ்சினியரம்மா" என்றாள். "போதும். எந்திரிங்க."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இருபத்துமூன்று வருஷம் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அக்கா அந்தச் சொல்லுக்காக மண்ணில் கிடந்திருக்கவே வேண்டாம். ஒனஜிட்டே திரும்பிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

என் பிள்ளைகளிடம் அன்று மாலையே சொல்லிவிட்டேன். சின்னவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஜனவரியில் அந்த நாள் வந்தால் நான் ஒனஜிட்டேயின் வாசலுக்குப் போகிறேன். இரண்டு முறை போயாயிற்று. இரண்டு முறையும் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னால் நிற்க யாரும் இல்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்து வருகிறேன்.